பதினான்காம் கம்பு

மூன்றாவது உறைபனி விழுந்த பிறகுதான் ஊசியிலை மரங்களின் நுனி ஒடிக்கக் காட்டுக்குப் போவார்கள். அதற்கு முன் ஒடித்தால் ஊசியிலைகள் நிற்காது. கிறிஸ்துமஸ் வளையம் கதவில் ஏறிய ஒரு வாரத்தில் கீழே பச்சைக் குப்பையாகக் கொட்டிக் கிடக்கும். அந்த வருடம் மூன்றாவது பனி நவம்பர் ஏழாம் தேதிதான் விழுந்தது. டன்ஹம் கோவ் ஊர் முழுவதும் ஒரு வாரம் பிந்தியிருந்தது. பிந்திய வாரத்தைக் கைகள்தான் ஈடுகட்ட வேண்டும்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் கேஸி காலை ஆறரைக்கு எமரியின் ஷெட்டில் இருந்தாள். முன்பு மத்தி மீனை டப்பாவில் அடைத்த ஆலையின் கிடங்கு அது. ஆலை மூடிப் பல வருடங்கள் ஆகியும் ஈர நாட்களில் தரைப் பலகையிலிருந்து மீன் எண்ணெய் வாடை கிளம்பும். அதன்மேல் இப்போது பிசின் வாடை. நீண்ட மேசையின் இருபுறமும் இருபது பெண்கள் நின்று வேலை செய்தார்கள். இரும்பு வளையத்தைச் சட்டத்தில் வைத்து, நுனிகளில் ஒரு பிடி எடுத்து, கம்பிப் பல்லுக்குள் நுழைத்துக் கீழேயுள்ள மிதிகட்டையைக் காலால் மிதிக்க வேண்டும். பல் மூடிக்கொள்ளும். பிறகு அடுத்த பிடி. முடிந்த வளையத்தை அவரவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் நீட்டியிருக்கும் கம்பில் மாட்டுவார்கள். கம்புக்கு எண் உண்டு. சாயங்காலம் எமரி வந்து கம்பைப் பார்த்து எழுதிக்கொள்வான். கேஸியின் கம்பு பதினான்கு.

ஏழு மணிக்கு லொரேனின் டிரக் வந்து நின்றது.

லொரேன் பன்னிரண்டு வருடம் அந்த மேசையில் நின்றவள். கேஸிக்கு அடுத்த இடம், பதினைந்தாம் கம்பு. பதினாறு வயதில் கேஸி அங்கே வந்தபோது கட்டைவிரலைக் கம்பிப் பல்லுக்குக் கொடுக்காமல் பிடி நுழைக்கச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன், ஏழை வீட்டுப் பிள்ளைகளை இலவசமாகச் சேர்க்கும் ஊர்ப் பாலர் மையத்தில் அவளுக்கு ஆபீஸ் வேலை கிடைத்தது. பிள்ளைகளைச் சேர்க்கிற பேப்பர்களை எழுதுகிற வேலை. என்றாலும் பருவத்தில் தினமும் காலையில் ஷெட்டுக்கு வந்துவிட்டுத்தான் ஆபீஸுக்குப் போவாள். அவளுடைய அக்கா டாட் தன் வீட்டில் இருந்தபடியே கட்டிய வளையங்களை லொரேன் கொண்டுவந்து பதினான்காம் கம்பில் மாட்டுவாள்.

டாட்டுக்கு ஆலை வேலையில் நுரையீரல் கெட்டுப்போனது. மூக்கில் பிராணவாயுக் குழாய். வேலை செய்ய முடியாதவள் என்று அரசாங்கம் மாதாமாதம் பணம் தருகிறது. அவள் பெயரில் ஒரு சம்பளச் சீட்டு விழுந்தால் அந்தப் பணம் நின்றுவிடும். அதனால் அவள் வளையம் கேஸியின் கம்பில் ஏறும், கேஸியின் சீட்டில் விழும். வெள்ளிக்கிழமை கேஸி அவள் பங்கை உறையில் போட்டுக் கொடுத்துவிடுவாள். ஷெட்டில் இப்படி இன்னும் மூன்று நான்கு கம்புகள் உண்டு. எமரிக்கும் தெரியும். “எனக்கு வளையம் வேணும். எந்தக் கை கட்டினா என்ன” என்பான்.

“எத்தனைடி?” என்றாள் கேஸி, தலை நிமிராமல்.

“பதினெட்டு. ராத்திரி இருமல் ஜாஸ்தி. இல்லேன்னா ரெண்டு டஜன் முடிச்சிருப்பா.”

“இருமிக்கிட்டே பதினெட்டா? அவளுக்கு உடம்பு நல்லா இருந்தா எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிடுவா போலிருக்கே.”

பக்கத்துக் கம்பில் நின்ற வேரா குரல் கொடுத்தாள். “லொரேன், பாத்துத் திரும்பு. ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து உன் பின்னாடி அகலமாயிட்டே போகுது. என் கம்பு சாயுது.”

“உனக்குப் பொறாமை வேரா. உனக்கு உக்கார்றதுக்கு ஒண்ணுமே இல்ல.”

ஷெட் சிரித்தது. லொரேன் கடைசி வளையத்தையும் மாட்டிவிட்டு கேஸியின் தோளருகே வந்து நின்றாள்.

“ஜூனிக்கு மூணு முடிஞ்சிடுச்சில்ல?”

“போன மாசம் இருபதாம் தேதி. கேக் மேல இருந்த கிரீமை மட்டும் தின்னா.”

“பெரிய வகுப்புக்கு மாத்தணும். புதுசாப் பேப்பர் போடணும். கடைசி நாலு வாரச் சம்பளச் சீட்டைக் கொண்டாந்து குடு. வெள்ளிக்கிழமைக்குள்ள.”

“நாலுமா?”

“நாலும்.”

“வெண்டலோடது?” என்று கணவனுடையதையும் கேட்டாள் கேஸி.

“அவன் மட்டி வித்த ரசீது இருந்தா அதுவும்.”

கேஸி தலையாட்டினாள். லொரேன் கையில் கொடுக்கிற பேப்பர். அதில் யோசிக்க என்ன இருக்கிறது.

*

ஜூனிக்குப் பதினொரு வார்த்தைகள் தெரியும்.

இரண்டு வயதில் மையத்தில் சேர்த்தபோது ஒன்றுகூடத் தெரியாது. காதுக்குள் நீர் கட்டி, அது வடிவதற்குள் மறுபடி கட்டி, ஒன்றரை வருடம் அவள் தண்ணீருக்கடியில் இருப்பவள் போல எல்லோருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காது சரியான பிறகும் பேச்சு வரவில்லை. மையத்தில் பிரின் என்று ஒரு பேச்சு டீச்சர். வாரத்தில் இரண்டு நாள் வந்து ஜூனியோடு தரையில் படுத்துக்கொண்டு, நெற்றியோடு நெற்றி முட்டி, ஒரே சொல்லை நூறு தடவை சொல்வாள். முதல் சொல் ‘பால்’. வந்த அன்று கேஸி மையத்தின் வாசலில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து மூக்குச் சிந்தக் காகிதம் நீட்டியது லொரேன்.

“நாலு வயசுக்குள்ள பிடிச்சிடலாம்” என்று பிரின் சொல்லியிருந்தாள். “அதுக்கப்புறமும் பிடிக்கலாம். ஆனா துரத்திப் பிடிக்கணும். அவ ஓட ஓட, வகுப்பு அவளுக்கு முன்னால ஓடிட்டே இருக்கும்.”

பெரிய வகுப்பில் பிரின் வாரம் நான்கு நாள் வருவாள். அதற்காகத்தான் இந்த வருடம் முழுக்கக் காத்திருந்தார்கள். மையம் இல்லையென்றால் அடுத்த பேச்சு டீச்சர் இரண்டு மணி நேர ஓட்டத்தில், பாங்கர் நகரில். அங்கே பெயர் எழுதிவிட்டு ஒரு வருடம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கேஸி வார்த்தைகளைப் பட்டியல் போட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தாள். பக்கத்தில் நூலில் பென்சில் தொங்கியது. பால். அம்மா. பா. நாய். இன்னும். வேணாம். ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் ஒரு மூச்சில் பேசுகிற அளவுதான். ஏழாவது ‘லோ’. லொரேனை அப்படித்தான் கூப்பிடுவாள்.

*

கடிதம் அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று மாலை கேஸி வீட்டுக்கு வந்தபோது வெண்டல் அடுப்பருகே நின்று மான்கறியில் உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கடற்சேற்றில் மட்டிச் சிப்பி தோண்டுகிறவன். கடல் வற்றும்போது சேற்றில் குனிந்தால் ஏறும்வரை நிமிரமாட்டான். ஆனால் போன வாரம் பெருமழை. மேட்டிலிருந்து அழுக்கு இறங்கியதால், மட்டி எடுக்கக் கூடாதென்று படுகையை மூடிவிட்டார்கள். ஒன்பது நாளாக அவனுடைய வாரியும் கூடையும் வாசலில் காய்ந்தன.

கேஸி கைகளில் பன்றிக்கொழுப்பைத் தேய்த்துப் பிசினை எடுத்துக்கொண்டே, “படி” என்றாள். ஜூனி அவள் காலைக் கட்டிக்கொண்டு பிசின் உருண்டைகளைத் தொட்டுப் பார்த்தாள்.

வெண்டல் ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். குடும்ப வருமானம் வரம்பைக் கடந்துவிட்டதால் குழந்தை ஜூனிக்குப் பெரிய வகுப்பில் இடம் ஒதுக்க இயலாது. இப்போதைய இடமும் இம்மாதம் பதினேழாம் தேதியோடு முடிகிறது. முறையிட விரும்பினால் அதற்குள் வரலாம்.

அவன் கடிதத்தை மடக்கினான். பிறகு சிரித்தான்.

“வரம்பைக் கடந்துட்டோமாம். எப்பக் கடந்தோம்? நான் தூங்கிட்டிருந்தப்பவா?”

“வெளையாடாத.”

“ஏன்டி, பணக்காரனாயிட்டோம்னு எழுதியிருக்கான். கொஞ்சம் சந்தோஷப்படு. கறியில இன்னொரு வெங்காயம் போடட்டுமா?”

“வெண்டல்.”

அவன் கரண்டியை வைத்தான். “நாலு வாரச் சீட்டை வெச்சு வருஷத்துக்குப் பெருக்கியிருக்காங்க. அதான். வருஷம் பூரா கிறிஸ்துமஸ்னு நெனச்சுட்டாங்க. ஜனவரியில நீ என்ன கட்டுவ? என் தலையவா?”

“லொரேனுக்குத் தெரியுமே” என்றாள் கேஸி.

“என்ன தெரியும்?”

“எல்லாம். பருவம் ஆறு வாரம்தான்னு தெரியும். டாட்டோட வளையம் அதுல இருக்குன்னும் தெரியும்.”

வெண்டல் கடிதத்தை மறுபடி விரித்தான். கீழே கையெழுத்தின் மேல் விரலை வைத்து அவளுக்குக் காட்டினான். ‘லொ’வின் வால் எப்போதும் போல நீண்டு சுருண்டிருந்தது.

“தப்பு நடந்திருக்கும்” என்றாள் கேஸி.

“சரி.”

“என்ன சரி?”

“தப்பு நடந்திருக்கும்னு சொன்னல்ல. சரின்னேன்.”

சாப்பிடும்போது ஜூனி தட்டைத் தட்டி “இன்னும்” என்றாள். வெண்டல் தன் தட்டிலிருந்த கறியை எடுத்து அவளுக்கு வைத்தான்.

*

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் லொரேன் ஷெட்டுக்குள் வரவில்லை. வளையங்களை வாசலில் வைத்துவிட்டு ஹாரன் அடித்துப் போனாள். எமரியின் மகள் எடுத்து வந்து பதினான்கில் மாட்டினாள். வெள்ளிக்கிழமை உறையையும் அவளே வாங்கிப் போய் லொரேனிடம் கொடுத்தாள். ஞாயிறு மதியம் கேஸி ஜூனியை டிரக்கில் ஏற்றிக்கொண்டு டாட்டின் வீட்டுக்குப் போனாள்.

டாட் அடுப்படி மேசையில் வளையம் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளிக் குல்லாவும் போட்டிருந்தாள். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. குழாய் கழுத்தைச் சுற்றித் தரையில் ஓடி அடுத்த அறையில் முனகும் இயந்திரத்துக்குள் போனது.

“வாடி என் பதினாலே” என்றாள் டாட். “யாரு அது, ராணியா? ராணி, அந்த அலமாரியில பட்டன் டப்பா இருக்கு. கொட்டு. எல்லாத்தையும் கொட்டு. யாரும் திட்ட மாட்டாங்க.”

ஜூனி டப்பாவைக் கவிழ்த்தாள். பட்டன்கள் தரையெங்கும் ஓடின.

“சத்தம் கேக்குதுல்ல அவளுக்கு?” என்றாள் டாட். “பாரு, எப்படித் திரும்பறா. நல்லாப் பேசுவா. எங்கம்மா சொல்லுவாங்க, நான் நாலு வயசு வரைக்கும் வாயே தெறக்கலையாம். அப்புறம் மூடவே இல்ல.” சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லொரேன் பின்கதவு வழியாக விறகோடு உள்ளே வந்தாள். கேஸியைப் பார்த்ததும் விறகை இறக்காமல் அப்படியே நின்றாள்.

“வெளியில வா” என்றாள் கேஸி.

ஜூனி தரையிலிருந்து தலை தூக்கி, “லோ” என்றாள்.

பின்பக்கம் ஊசியிலைக் கொம்புகள் மலையாகக் குவிந்திருந்தன. கடலிலிருந்து காற்று நேராக வந்தது. லொரேன் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

“சீட்டைக் கேட்டது நீதானே?”

“நான்தான்.”

“அதுல மூணுல ஒரு பங்கு உங்க அக்காவோடது. நீயே மாட்டின. உன் கையால.”

“கத்தாத. அவ காதுல விழும்.”

“விழட்டும்.”

“அவளுக்கு ஒண்ணும் தெரியாது கேஸி. பாவம் அவ.”

“அக்டோபர்ல பேப்பர் போட்டிருக்கலாம். பொறந்த நாளுக்கு ஒரு மாசம் முன்னாலயே போடலாம்னு வேரா பேத்திக்கு நீதான் சொன்ன. செப்டம்பர் சீட்டைக் கேட்டிருக்கலாம். செப்டம்பர்ல எனக்குச் சீட்டே கெடையாது. ஏன் இப்ப கேட்ட?”

“மறந்துட்டேன்னு சொன்னா நம்புவியா?”

“மாட்டேன்.”

“அப்பச் சொல்லல.”

காற்று கொம்புகளைப் புரட்டியது. லொரேன் கோட்டுப் பையில் கைகளை விட்டுக்கொண்டாள்.

“அவ டாங்க்ல எண்ணெய் இல்லடி. அக்டோபர்லயே தீந்துடுச்சு. பகல்ல விறகு, ராத்திரி ஒரு மணி நேரம் ஹீட்டர். அந்த மெஷின் ஓடறதுக்கே கரண்ட் பில் எவ்வளவு வருதுன்னு உனக்குத் தெரியாது. இந்த வளையத்தை விட்டா எண்ணெய்க்கு வழி இல்ல. உன்கிட்ட முன்னாலயே சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? பேப்பர் முடியறவரைக்கும் நிறுத்திக்கோன்னு சொல்லியிருப்ப. சொல்லியிருக்க மாட்டியா?”

கேஸி சொல்லியிருப்பாள். இருவருக்கும் தெரியும்.

“அக்டோபர்ல பேப்பரைத் தொட்டா பருவத்துல எவ்வளவு வரும்னும் கேட்டிருப்பாங்க, இந்தப் பேச்சு அன்னிக்கே வந்திருக்கும். வேற யார் கம்புல போடறது? வேரா கம்புல அவ மருமகளோடது. எல்லாக் கம்பும் நெறஞ்சு கெடக்கு.”

“அதுக்கு என் பொண்ணா?”

“ஜூனி ஒரு வருஷம் பிந்தினாலும் பேசிடுவா. டாட் இந்தக் குளிரைத் தாண்ட மாட்டா.”

“அதை நீ என்கிட்ட கேட்டிருக்கணும்.”

“கேட்டா?”

“கேட்டிருக்கணும் லொரேன்.”

உள்ளே டாட் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. பட்டன்கள் டப்பாவில் விழும் சத்தம். மறுபடி கொட்டும் சத்தம்.

லொரேன் கேஸியின் கையைப் பிடித்தாள். “புதன்கிழமை முறையீடு. எங்க டைரக்டர் மிஸஸ் ஹேஸ்கல் நல்லவங்க. பருவ வேலை, வருஷக் கணக்காப் பாருங்கன்னு நானே எழுதி வெக்கறேன். நானும் உக்காருவேன். உன் பக்கம்தான் பேசுவேன். இடம் போகாது.”

“சத்தியமா?”

“என்னை எத்தனை வருஷமாத் தெரியும் உனக்கு?”

கேஸி நம்பினாள். உள்ளே போய் டாட் கொடுத்த சர்க்கரைப்பாகு டோனட்டைத் தின்றாள். பட்டன்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். திரும்பும் வழியில், பாலம் தாண்டிய பிறகுதான், லொரேன் கடைசியாகச் சொன்னது பதில் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

*

முறையீடு புதன்கிழமை, பதினேழாம் தேதியே நடந்தது. படுகை திறந்துவிட்டதால் வெண்டல் விடியற்காலையே சேற்றுக்குப் போய்விட்டான். கேஸி மதியத்தோடு ஷெட்டிலிருந்து கிளம்பி, சட்டை மாற்றி, கொழுப்பு தேய்த்து, சோப்புப் போட்டு, மறுபடி கொழுப்பு தேய்த்துப் பார்த்தாள். விரலிடுக்கில் கறுப்பு போகவில்லை. பருவம் முடிந்து ஒரு மாதம் ஆனால்தான் போகும்.

ஆபீஸ் அறையில் பிள்ளைகள் வரைந்த பனிமனிதர்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தார்கள். மிஸஸ் ஹேஸ்கல் வெள்ளைத் தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். எழுந்து வந்து கேஸியின் கையைக் குலுக்கினாள். குலுக்கிய பிறகு அந்தக் கையை ஒரு கணம் பார்த்தாள். லொரேன் மேசையின் ஓரத்தில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஜூனி அங்கே இருந்தாள்.

“பருவ வேலைன்னு லொரேன் எழுதிக் குடுத்திருக்காங்க” என்றாள் மிஸஸ் ஹேஸ்கல். “நியாயம்தான். அதனால வருஷம் முழுக்கச் சேத்துப் பாத்தேன். உங்க வளையம், வீட்டுக்காரரோட மட்டி, ஆகஸ்ட்ல நீங்க ரெண்டு பேரும் புளூபெர்ரி வாரினது. எல்லாம் சேத்தும் வரம்புக் கோட்டுக்கு மேலதான் வருது கேஸி. கொஞ்சம்தான் மேல. ஆனா மேல.”

கேஸி லொரேனைப் பார்த்தாள்.

“ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க. நாலு வாரத்துல இவ்வளவு வளையம். எங்கம்மாவும் கட்டினவங்கதான். ஒரு ஆளால இவ்வளவு ஆகாது. சில ஷெட்ல ஒருத்தர் கம்புல இன்னொருத்தர் வளையம் ஏறும். எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. உங்க கை கட்டினது எவ்வளவோ, அதை மட்டும் சொல்லுங்க. அப்ப இடம் பொழைக்கும். நாளைக்கே ஜூனி பெரிய வகுப்புல உக்காரலாம்.” நிறுத்தினாள். “ஆனா மீதி யாரோடதுன்னும் நான் எழுதியாகணும். எழுதினா அது எங்க போகும்னு உங்களுக்கும் தெரியும்.”

சுவருக்கு அந்தப்பக்கம் பாட்டு முடிந்து கைதட்டினார்கள்.

கேஸி காத்திருந்தாள். லொரேன் பேசட்டும். எங்க அக்காவோடது, நான்தான் மாட்டினேன், என்னை எழுதிக்கோங்க. அதைச் சொல்ல வேண்டியவள் அவள். அல்லது வாயைத் திறக்காமல் தலையைத் தூக்கிப் பார்க்கட்டும். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தாலும் போதும்.

மிஸஸ் ஹேஸ்கல் அந்தப்பக்கம் திரும்பினாள். “லொரேன், நீங்க அதே ஷெட்ல பன்னெண்டு வருஷம் இருந்தவங்க. சொல்லுங்க. இது முடியுமா?”

“முடியும்” என்றாள் லொரேன்.

அவள் மேசையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“கேஸி கை மாதிரி ஒரு கை அந்த ஷெட்ல கெடையாது. நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். பிடி எடுக்கறது கண்ணுக்கே தெரியாது. எனக்கு வராது, வேராவுக்கு வராது, யாருக்கும் வராது. எல்லாம் அவ கட்டினதுதான்.”

பத்து வருடம் பக்கத்தில் நின்றும் லொரேன் இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. முதல் குளிர்காலத்தில், கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு, இதில் பாதியையாவது சொல்லமாட்டாளா என்று கேஸி ஏங்கியிருக்கிறாள்.

“அப்படியா கேஸி?” என்றாள் மிஸஸ் ஹேஸ்கல், மெதுவாக.

இல்லை என்று ஒரு சொல். அது போதும். அடுத்த வாரம் டாட்டின் பணம் நிற்கும். கொடுத்ததைத் திருப்பிக் கட்டு என்று கடிதம் வரும். அந்த அடுப்படியில் குல்லாவோடு நின்று டாட் கடிதத்தைப் படிப்பாள். யார் சொன்னது என்று கேட்பாள். லொரேன் சொல்வாள்.

“ஆமா” என்றாள் கேஸி. “எல்லாம் என் கைதான்.”

மிஸஸ் ஹேஸ்கல் காகிதத்தை லொரேன் பக்கம் நகர்த்தினாள். லொரேன் எழுதுவதற்குக் கையை மேசைமேல் எடுத்து வைத்தாள். ஷெட்டை விட்டு இரண்டு வருடம் ஆனவளின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே புதுப் பிசின் கறுப்பாக ஒட்டியிருந்தது. காகிதத்திலும் ஒரு கறை விழுந்தது. மிஸஸ் ஹேஸ்கல் அதைப் பார்த்தாளோ என்னவோ, எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

*

ஜூனியின் பெயருக்கு மேல் வாத்துப் படம் ஒட்டிய கொக்கி. அதிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிவிட்டாள் கேஸி. பிரின் வெளியே வந்து முழங்காலிட்டு ஜூனியின் நெற்றியில் நெற்றியை முட்டினாள். “நான் சொல்லிக் குடுத்த மாதிரி தினமும் பத்து நிமிஷம்” என்று கேஸியிடம் சொன்னாள். வேறு ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

டிரக்கில் ஜூனியை இருக்கையில் கட்டிக்கொண்டிருந்தபோது லொரேன் கோட்டுகூடப் போடாமல் ஓடிவந்தாள். கையில் காகிதப் பை.

“அவ கிண்ணம். கையுறை. வரைஞ்சதெல்லாம் இருக்கு.”

கேஸி வாங்கி இருக்கையில் வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை நான் வீட்டுக்கு வரேன்” என்றாள் லொரேன். “பிரின் பண்றதைப் பாத்து வெச்சிருக்கேன். நானே சொல்லிக் குடுக்கறேன். வாராவாரம் வரேன்.”

கேஸி பக்கத்துப் பட்டையை இழுத்து மாட்டினாள்.

“ஏதாவது சொல்லுடி. திட்டு.”

“குளிருது. உள்ள போ.”

லொரேன் போகவில்லை. காற்றுக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். தரையைப் பார்த்துக் கேட்டாள்.

“இன்னும் அஞ்சு நாள்தான் ஷெட் இருக்கு. நாளைக்கு டாட்டோடது… கொண்டு வரவா?”

வெளியே வந்த பிறகு முதல் தடவையாகக் கேஸி அவளை நேராகப் பார்த்தாள். “கொண்டு வா. எல்லாம் நான் கட்டினதுதானே.”

அப்போது ஜூனி பட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். வாயைக் குவித்தாள். பிரின் சொல்லிக் கொடுத்தபடி நாக்கை மேலே ஒட்டி எடுத்தாள்.

“லொ-ரேன்” என்றாள்.

முழுதாக வந்தது. நடுவில் ஒரு சின்ன மூச்சு மட்டும். தனக்கே வியப்பாகிச் சிரித்து மறுபடி சொன்னாள். “லொரேன். லொரேன்.”

லொரேன் வாயைப் பொத்திக்கொண்டாள். கேஸி கதவைச் சாத்திவிட்டுச் சுற்றி வந்து வண்டியைக் கிளப்பினாள்.

வெண்டல் வாசலில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். முழங்கைவரை சேறு. இரண்டு கூடை மட்டி பக்கத்தில் இருந்தது.

“என்ன ஆச்சு?”

“கோட்டுக்கு மேலதான்.”

“லொரேன் பேசினாளா?”

“பேசினா. ரொம்ப நல்லாப் பேசினா.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். ஜூனியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு குளிர்ப்பெட்டியின் முன்னால் போய் நின்றான். அது அவர்கள் வழக்கம். பால், அம்மா, பா என்று பட்டியலில் விரலை ஓட்டினான். கடைசிச் சொல்லுக்குக் கீழே, வெற்று இடத்தில் விரல் நின்றது. நூலில் தொங்கிய பென்சிலைப் பிடித்தான்.

“இன்னிக்குப் புதுசா என்ன சொன்னா என் பொண்ணு?”

கேஸி தொட்டியருகே நின்று கையில் கொழுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணும் சொல்லல” என்றாள்.